நடத்துநர் மகளுக்கு, இரண்டு விசிலைப் பற்றி

அன்புள்ள காமாட்சி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கு அச்சடிக்கிற சின்னப் புத்தகத்தில் போடுவதற்கு, பஸ்ஸைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடு நைனா என்று கேட்டிருந்தாய். ஒத்திகைக்கு முன்னால் கேட்டது அது. ஒத்திகைக்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாம் எதைப் பற்றியுமே பேசிக்கொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி. ஆனாலும் ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது, போன புதன்கிழமை ஒத்திகையில் ஒரு தடவையைத் தவிர. அதனால் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். முழுவதையும் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அத்தனை பேர் முன்னால் நடந்த விஷயத்தை அத்தனை பேரும் படிக்கிற மாதிரி எழுதுவதில் எனக்கென்ன வெட்கம்.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உத்திரமேரூர் டிப்போவில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நீயும் கண்டக்டர். வயலினும் குழலுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு எதிரில் கையில் மெல்லிய குச்சியோடு நின்று, மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதத்தை நடத்திக்கொண்டு போகிற வேலை உன்னுடையது. தமிழில் சொன்னால் இந்தக் குழப்பம் தீரும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. என் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ‘நடத்துநர்’ என்று இருந்தது. உன் முதல் கச்சேரி நோட்டீஸிலும் ‘நடத்துநர்: காமாட்சி’ என்றுதான் போட்டிருந்தார்கள். நீ ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பினபோது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடிகாரக் கடை வைத்திருக்கிற பாய் என்ன படிப்பு என்று கேட்டார். கண்டக்டர் படிப்பு என்றேன். “கண்டக்டருக்கு ஜெர்மனி வரைக்கும் இன்னாத்துக்கு சார் போணும்? நம்ம டிப்போவுலயே ட்ரெயினிங் குடுக்கறாங்களே. நான் வேணா மேனேஜராண்ட ஒரு வார்த்த சொல்லட்டா?” என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவி செய்யத்தான் பார்த்தார். நான் அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் காஞ்சிபுரம் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

உனக்கு இந்தத் தொழில் எங்கே ஆரம்பித்தது என்று பேட்டி எடுக்கிறவர்கள் கேட்கும்போது நீ ஜெர்மனியைச் சொல்வாய். எனக்கென்னவோ பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் ஆரம்பித்ததாகத்தான் படுகிறது. அணிவகுப்பில் எல்லாருக்கும் முன்னால் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளாக உன்னைப் போட்டிருந்தார்கள். குடியரசு தினத்தன்று மைதானத்தின் பாதியில் நீ பாட்டுக்கு நின்றுவிட்டாய். பின்னால் வந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கொடியேற்ற வந்த பெரிய மனிதர் கையைச் சல்யூட்டில் வைத்தபடியே இருந்தார். ஏன் நின்றாய் என்று அன்று சாயந்திரம் கேட்டேன். “சின்ன டிரம் அடிக்கிற பொண்ணு பின்தங்கிப் போய்கினு இருந்தா நைனா. அவ வரட்டும்னு நின்னேன்” என்றாய். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, உங்கள் மகளுக்குப் பிடிவாதம் அதிகம் என்றார். இதை நான் ஒரு காரணத்துக்காக நினைவுபடுத்துகிறேன். புதன்கிழமை நான் செய்ததும் இதைத்தான். அதற்கு மேல் என் பக்கத்து நியாயத்தைப் பேசப்போவதில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு சர்ச்சில் சனிக்கிழமைகளில் வயலின் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்தவளும் நீதான். அப்போது நான் காஞ்சிபுரம் வண்டியில் இருந்தேன். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவாய். பள்ளிக்கூட பாஸ் சனிக்கிழமைக்குச் செல்லாது. அதனால் உனக்கும் டிக்கெட் கிழித்தேன். “நைனா, எனுக்குமா?” என்று முதல் நாள் கேட்டாய். “வண்டி என்னுது இல்லம்மா” என்றேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், பெத்த பெண்ணுக்கே டிக்கெட் கிழிக்கிற ஆளைப் பார்த்தீர்களா என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கு நீ காஞ்சிபுரம் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அடுத்த சனிக்கிழமை நான் வருவதற்கு முன்னாலேயே சில்லறையை எடுத்துக் கையில் வைத்திருந்தாய்.

பிறகு சென்னை, சங்கீதக் கல்லூரி, அப்புறம் சினிமாப் பாட்டுப் பதிவுகளில் வயலின். அது நல்ல பிழைப்பு. தினமும் வேலை இருந்தது, ஊரில் சொல்லிக்கொள்ளவும் வசதியாக இருந்தது. எந்தப் பாட்டு ரேடியோவில் வந்தாலும் அதில் எங்கேயோ நீ இருக்கிறாய் என்று உன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவாள். யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. அந்த நேரத்தில்தான் நீ வந்து, வயலினை விட்டுவிடப் போகிறேன், எதிரில் நின்று நடத்துகிற வேலையைப் படிக்கப் போகிறேன் என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை. கையில் ஒரு வாத்தியம் இருந்தது, அதையும் கீழே வைத்துவிட்டு வெறும் குச்சியோடு நிற்பதற்கு யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. நீ முடிவு செய்த பிறகுதான் எங்களிடம் சொல்வாய் என்பது பழகிப் போயிருந்தது.

ஜெர்மனியில் உன்னை முதன்முதலாக ஒரு குழுவுக்கு எதிரில் நிற்க வைத்தபோது, உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள் என்று சொன்னாய். உனக்குப் பின்னால் உண்மையான கண்டக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தார்களாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். திரும்பி வந்து சென்னையில் குழு ஆரம்பித்தபோதும் ஒரு மண்டபத்துக்காரர் உன்னிடமே வந்து, கண்டக்டர் சார் எத்தனை மணிக்கு வருவார் மேடம் என்று கேட்டார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ஆச்சரியமும் இல்லை. புதிதாக டியூட்டிக்கு வருகிற கண்டக்டரை ஜனங்கள் முதல் வாரம் ஆழம் பார்ப்பார்கள். அப்போது அவன் கத்தினால் தோற்றான். நீ அங்கே கத்தவில்லை என்றும், வாசலைப் பார்த்தவர்கள் எல்லாரும் திரும்பி உன்னைப் பார்க்கும் வரைக்கும் கையைத் தூக்காமல் நின்றாய் என்றும் சொன்னாய். இதை நீ என்னிடம் கற்றுக்கொண்டதாக யாராவது எழுதினால் நம்பாதே. நான் நிறைய தடவை கத்தியிருக்கிறேன்.

உன் கச்சேரிக்கு நானும் அம்மாவும் முதல் தடவை வந்தது நினைவிருக்கும். என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரர் ஒருவர் எழுதின சங்கீதம், ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. நடுவில் நான் கொஞ்சம் தூங்கினேன் என்று அம்மா சொல்கிறாள், அது பொய் இல்லை. சங்கீதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கோ வேறு குறை. “மொத்த ஜனமும் ஒக்காந்துகினு கீது. இவ மட்டும் எல்லாருக்கும் முதுக காட்டிக்கினு நிக்கறா. இன்னா வேலயா இது? மூஞ்சியே தெரியல” என்று என் காதில் சொன்னாள். கடைசியில் கைதட்டும்போது நீ திரும்பிக் கும்பிட்டாயே, அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குக் கச்சேரி. அதற்கப்புறம் எத்தனையோ தடவை வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்துவிட்டு வந்தது உன் முதுகைத்தான். இங்கே ஊரில் கேட்கிற கேள்வி இன்னொன்று. எல்லாரும் எதையாவது வாசிக்கிறார்கள், உன் மகள் மட்டும் ஒன்றும் வாசிக்காமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு எதற்கு அத்தனை கைதட்டல் என்பார்கள். “பஸ்ஸுல நான் எப்பனா ஸ்டியரிங்க புடிச்சிக்கிறனா?” என்று கேட்பேன்.

இந்த ஒரு பதிலைத் தவிர, பஸ் கண்டக்டரையும் உன் வேலையையும் சேர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உனக்கு அதைவிடப் பிடிக்காது. ‘கண்டக்டர் மகள் கண்டக்டர்’ என்று ஒரு பத்திரிகையில் தலைப்பு வந்த அன்று உனக்கு வந்த கோபத்தைப் பார்த்தேன். “ஜெர்மனில நான் பட்டது ஒரு வரி கூட இல்ல நைனா. எல்லாம் உன் விசிலும் பையும்தான் கீது” என்றாய். அதன் பிறகு பேட்டிக்கு வருகிறவர்களிடம் என் உத்தியோகத்தைக் கேட்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவாய். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷமாகப் படித்தவளை ஒரு ஜோக்கில் முடித்துவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

அப்படி இருந்தவள்தான் போன மாசி மாதம் ஊருக்கு வந்து, மாடி அறையில் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு சங்கீதம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாய். உத்திரமேரூரில் சங்கீதம் எழுதுகிறாள் என்றால் எந்தப் படத்துக்கு என்றுதான் கேட்பார்கள். எந்தப் படத்துக்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. வண்டி மேடு ஏறும்போது எஞ்சின் எப்படி முனகும், மழையில் ஜன்னல் ஷட்டரை எல்லாரும் ஒரேயடியாக இறக்கினால் என்ன சத்தம் வரும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாய். அதற்கு ‘வழித்தடம்’ என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாய். இதுவரை நீ நடத்தியதெல்லாம் மற்றவர்கள் எழுதினது. இதுதான் நீ எழுதி, நீயே நடத்தி, ஊரறியப் போடுகிற முதல் சங்கீதம். அதில் கடைசிப் பகுதிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுபோகும். சத்தமே இருக்காது. உன் கை இறங்கும், இரண்டு விசில் கேட்கும், உடனே முக்கால்வாசிப் பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு என்பது நம் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். டிரம் அடிக்கிறவரிடம் கொடுத்து ஊதச் சொல்லிப் பார்த்தாயாம். “அவரு ஊத்னா ஃபுட்பால் மேட்ச் ஆரம்பிக்கற மாரி கீது நைனா. நீ வந்து ஊதிக் குடு” என்றாய். என்னை மேடையில் உட்கார வைத்தால் அந்தப் பழைய தலைப்பு மறுபடியும் வரும், இந்தத் தடவை போட்டோவோடு வரும். அது தெரிந்தும் நீ கூப்பிட்டாய். அதனால்தான் நான் சரி என்றேன்.

இனி புதன்கிழமை. என்னைப் பின்வரிசையில் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். எல்லா வாத்தியமும் நின்றது. நீ என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாய். அந்த நேரம் பார்த்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம் வைத்திருப்பவள், கீழே விழுந்த தாளை எடுக்கக் குனிந்தாள். உன் கை இறங்கியது. நான் ஊதவில்லை. ஊத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் ஊதவில்லை. ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக யாராவது இருக்கும்போது நான் என் ஆயுசில் இரண்டு விசில் ஊதி ரைட் கொடுத்ததில்லை. “நைனா?” என்றாய். “அந்தப் பொண்ணு இன்னும் ஏறல” என்று சொல்லிவிட்டேன். உட்காரவில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. இன்னொரு தடவை என்றாய். இன்னொரு தடவை கையைத் தூக்கினாய். அப்போது பார்த்துப் பின் கதவைத் திறந்துகொண்டு டீ கொண்டுவருகிறவர் வந்து நின்றார். நான் மறுபடியும் ஊதவில்லை.

நீ குச்சியைக் கீழே வைத்தாய். “நைனா, இங்க கண்டக்டர் நான். நீ என் கைய மட்டும் பாரு” என்றாய். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை ஊதினேன், தாமதமாகத்தான் ஊதினேன். இடைவேளை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் போன் அடித்தது. எடுக்கவில்லை. செங்கல்பட்டு தாண்டும் வரைக்கும் கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபம் எவ்வளவோ தேவலாம் என்கிற மாதிரி ஒன்று இருந்தது. என் வேலையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனை, ஊதத் தெரியாதவன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது மாதிரி இருந்தது. எனக்கு வலித்தது காமாட்சி. அதை எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “இன்னாயா, அதுக்குள்ள வந்துட்ட? நாஷ்டா கூட துன்னலயா?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என் பக்கம் பேசவும் இல்லை, உன் பக்கம் பேசவும் இல்லை. “கூப்ட்டவ பொண்ணு. ஊதுன்னா ஊதிட்டு வர வேண்டிதுதான? இன்னா பேஜாருயா உன்னோட” என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசினாய். அவளுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் போடுவாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். “அந்தப் பொண்ணு குனிஞ்சத நான் பாக்கலன்னு நைனா நெனச்சுக்கினு கீதாம்மா? பாத்துட்டுதாம்மா கைய தூக்னேன். விசில் ஊதி ரொம்ப நேரங்கழிச்சுதான் அவளுக்கு வாசிக்கறது வருது. டீக்காரரு கதவாண்டயே நிப்பாரு, அதுவும் நான் சொல்லி வச்சதுதான். எல்லாத்தையும் பாத்துட்டுதாம்மா தூக்குவேன். நைனாவுக்கு அது தெரியலயேன்னுதான் எனக்கு அழுக வந்துச்சு” என்றாய். அம்மா என்னென்னவோ சமாதானம் சொன்னாள். நான் கையில் வைத்திருந்த பேப்பரை மடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு முனிரத்தினத்தைத் தெரியும். என்னோடு அதிக நாள் வண்டி ஓட்டின டிரைவர், உன்னைக் குச்சி பிடித்த குட்டி என்று கூப்பிடுவான். ஒரு ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. நாங்கள் பழையசீவரம் வழியாக வாலாஜாபாத் போகிற வண்டியில் இருந்தோம். பாலத்துக்கு முன்னால் ஒரு விசில் கொடுத்து நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் நடந்து பார்த்தேன். தண்ணீர் பாலத்தின் மேல் லேசாக வழிந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் இருந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. வண்டியின் பக்கத் தகரத்தைத் தட்டினார்கள். ஒருத்தன் அச்சு அசலாக என் குரலிலேயே “போலாம் ரைட்” என்று கத்தினான். முனிரத்தினம் அசையவில்லை. நான் திரும்பி வந்து, ஏறி, இரண்டு விசில் கொடுத்த பிறகுதான் கியரைப் போட்டான். அந்தக் கரை போய்ச் சேரும் வரைக்கும் ஒரு தடவை கூடத் திரும்பி, சரியாகப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. நான்தான் படிக்கட்டில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கரை ஏறினதும் “பயமா இல்லயா முனி?” என்று கேட்டேன். “நீ பாத்துட்டுதான ஊத்ன?” என்றான். அவ்வளவுதான் சொன்னான், பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை போனில் உன் குரலில் அதே வார்த்தையைக் கேட்டேன். பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினாய். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுத்தில் விசில் தொங்கியதால் நான் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மேடையில் எனக்குப் போட்டிருந்தது டிரைவர் சீட்டு. முனிரத்தினம் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடச் செய்யாததை நான் முதல் நாளே செய்தேன், அதுவும் இரண்டு தடவை. நீ படிக்கட்டைப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி ஊரில் யார் யாரிடமோ பெருமையாகப் பேசிவிட்டு, உன் எதிரில் உட்கார்ந்தபோது வாசலைப் பார்த்த ஜெர்மன்காரர்களோடு நானும் சேர்ந்துவிட்டேன்.

நீ அத்தனை பேர் முன்னால் சொன்னதைப் பற்றி உனக்கு வருத்தம் இருக்கும். வேண்டாம். சொன்னதும் சரி, சொன்ன இடமும் சரி. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அப்பாவுக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நாளைக்கு அவர்களிடம் நீ எதையும் கறாராகச் சொல்ல முடியாது. பெத்த பெண்ணுக்கு டிக்கெட் கிழித்தவன் இதைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. நீயும் ‘வண்டி என்னுது இல்ல’ என்றுதான் சொன்னாய், வேறு வார்த்தையில்.

புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கடைசியில் கால்தான் தகராறு பண்ணும். என் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாய். இடைவேளையில் எல்லாரும் எழுந்து நடப்பார்கள், நீ உட்கார். பேட்டிக்காரர்கள் மறுபடியும் அந்தத் தலைப்பைப் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், அதற்காகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகாதே. இனிமேல் நீ எழுதப் போகிற சங்கீதத்தில் பஸ் வரவேண்டிய அவசியமும் இல்லை. எனக்காக எதையும் நுழைக்காதே. உனக்கு என்ன கேட்கிறதோ அதை எழுது. இதைச் சொல்வதற்குக்கூட எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. உன் கச்சேரியில் தூங்கினவன் நான்.

நேற்று அம்மா ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்ட அரக்கு நிறப் பட்டுப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் போவதா வேண்டாமா என்று அவள் கேட்கவே இல்லை. புடவையை மடித்தபடியே, “இத்தினி வருசமா போறன். எனக்கு அவ முதுகுதான் தெரியுது. ஒனக்கு எதுர்லயே எடம் போட்டு குட்துச்சு பொண்ணு, மூஞ்சிய நேரா பாக்கற மாரி. அத்த வுட்டுட்டு டீக்காரன பாத்துட்டு வந்துக்கிற” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நீ வேலை செய்யும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று உன்னோடு வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த இடம் கிடைத்தது. புதன்கிழமை நீ கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நேற்றிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. நான் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டியில் நானும் அம்மாவும் வருகிறோம். மேடைக்குப் பின்னால் வந்து உன்னிடம் எதுவும் பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம், வேலை நேரம். என் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீ கையைத் தூக்கும்போது யார் குனிந்தாலும் எந்தக் கதவு திறந்தாலும் நான் திரும்ப மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை இறங்கினதும் இரண்டு விசில்.

இப்படிக்கு,
உன் நைனா,
உத்திரமேரூர்